கடல் நாறுகிறது என்று சொன்னவர்

நம் வீட்டில் யாராவது சாப்பாட்டைக் குறை சொன்னால், "இதோ பெரியப்பா வந்துட்டார்" என்று பிரியாவும் கார்த்தியுமாக நீங்கள் இருவரும் கேலி செய்வீர்கள். கார்த்தி அந்தக் குரலிலேயே பேசியும் காட்டுவான். போன வாரம் செம்பூர் ஓட்டலில் பக்கத்து மேசைக்காரர் சூப்பைத் திருப்பி அனுப்பியபோதும் அதையே சொல்லிச் சிரித்தீர்கள். அம்மா சிரிக்கவில்லை. நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அந்த மனுஷர் இப்போது இல்லை. இருந்தால் அவரே பதில் சொல்லியிருப்பார். இல்லாதவரைப் பற்றி நம் வீட்டில் ஒரு தப்பான பேச்சு நிலைத்துப்போவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. வாயால் சொல்லலாம் என்றால் பாதியில் யாருக்காவது போன் வரும், ஆளுக்கொரு பக்கம் போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் எழுத்துக் கூட்டி மெதுவாக வாசியுங்கள். எனக்கும் எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அவர் வந்தபோது பிரியா ஏழாம் வகுப்பு. கார்த்தி அதைவிடச் சின்னவன். நாம் தாராவியில் ஏணி வைத்த மாடி அறையில் இருந்தோம். அவர் தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மாவு மில் வைத்திருந்தார். நெட்டையான ஆள். எத்தனை முறை குளித்தாலும் புருவத்திலும் காது மடலிலும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, தணிந்து பேசுவதே அவருக்கு வராது. குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூடச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று தெருவில் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் சிரித்தால் மட்டும் சத்தம் வராது. தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான்.

குறை சொல்கிற ஆள் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? நான் பார்த்தவர்களிலேயே எதையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்த மனுஷர் வேறு யாரும் இல்லை.

பெரியப்பாவும் பெரியம்மாவும் சேர்ந்துதான் மும்பைக்கு வருவதாக இருந்தது. பெரியம்மாவுக்கு இந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. காரணம் உங்கள் அம்மாதான். அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே தாய் இல்லை. அக்கா, அதாவது உங்கள் பெரியம்மாதான் வளர்த்தார். எனக்குப் பெண் கேட்டுப் போனபோது உங்கள் தாத்தா, பம்பாய் ரொம்ப தூரம், வேண்டாம் என்று தயங்கினார். பெரியம்மாதான் பிடிவாதமாக நின்று, பையன் நல்ல பையன், ஊரும் பெரிய ஊர், என் தங்கச்சி நல்லா இருப்பாள் என்று சொல்லிக் கட்டிவைத்தார். கட்டிவைத்த தங்கை எப்படி இருக்கிறாள் என்று ஒரு தடவையாவது நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டு இறங்கும்போது பெரியம்மா படியில் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. கட்டிலோடு படுத்துவிட்டார். பெரியப்பா இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்யப் போனபோது பெரியம்மாதான் தடுத்தாராம். ஒரு டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யுங்கள், நீங்களாவது பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், நான் படுத்துக்கொண்டே கேட்கிறேன் என்றாராம். மகனும் மருமகளும் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி, மாட்டேன் என்றவரை வற்புறுத்தி ரயிலேற்றினார்.

அப்படி வந்தவர் குர்லா டெர்மினஸில் இறங்கியதும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "சகலை, கடல் எந்தப் பக்கம்?"

நான் வேலை பார்த்த பை தைக்கிற கார்கானாவில் லீவு சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு சுற்றினேன். பள்ளிக்கூடம் விட்டதும் நீங்களும் சேர்ந்துகொள்வீர்கள். மாதுங்காவில் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு லோக்கல் ரயில் ஏறினோம். கூட்டம் அவரை உள்ளே தள்ளியது, தாதரில் வேண்டாத இடத்தில் வெளியே தள்ளியது. பிளாட்பாரத்தில் நின்று சட்டைப் பொத்தான் அறுந்துபோனதைப் பார்த்து, தோள் குலுங்கச் சிரித்தார். ஜுஹு கடற்கரையில் அலை வந்து வேட்டியை முட்டுக்கு மேல் நனைக்கும் வரை நகரவில்லை. கார்த்தி அவருக்குக் காலா கட்டா கோலா வாங்கிக்கொடுத்தான். ஐஸைச் சீவி நாவல்பழ நிறத்தில் சர்பத் ஊற்றித் தருவார்களே, அது. தின்று முடித்து, நாக்கு ஊதாவாகிவிட்டதா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் நாக்கை நீட்டிக் காட்டினார். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் போனோம். நடுவில் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

காட்கோபர் பக்கம் உள்ள பெரிய மாலில் நகரும் படிக்கட்டைக் கண்டு முதலில் பயந்தார். அப்புறம் நாங்கள் இறங்கி வந்த பிறகும் அவர் மறுபடி மேலே ஏறிப்போய்விட்டார். மேலே இருந்து கையைக் காட்டிக்கொண்டே இறங்கி வருவார், மறுபடி ஏறுவார். காவல்காரர் வந்து என்னிடம் விசாரித்தார். சாய்ந்து படுக்கிற சீட் உள்ள தியேட்டரில் பட்டனை அமுக்கி அமுக்கி, பக்கத்து சீட் பெண்ணின் கைப்பையைக் கீழே தள்ளிவிட்டார். படம் இந்திப் படம், அவருக்கு ஒரு வார்த்தை புரியாது. இடைவேளையில் நீங்கள் இருவரும் போட்டி போட்டுக் கதை சொன்னீர்கள். அவர் கேட்டுவிட்டு, "நான் நெனச்ச கதை இதைவிட நல்லாருந்துச்சு" என்றார்.

இதெல்லாம் பகலில். சாயங்காலம் ஆனால் அவர் வேறு ஆள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெரியம்மாவுக்குப் போன் செய்வார். நம் அறையில் இடமில்லை என்று ஏணியில் இறங்கி, கீழே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நிற்பார். அந்தச் சந்தில் ரகசியம் பேச இடம் ஏது? அதிலும் அவர் குரல். நம் வீட்டு ஜன்னலுக்கும் எதிர்வீட்டு ஜன்னலுக்கும் ஒரே மாதிரி கேட்கும்.

கடலைப் பற்றி, ஒரே நாத்தம், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன் என்றார். மால் என்றால் வெறும் கண்ணாடியும் வெளிச்சமும், நம்மூர்ச் சந்தை எவ்வளவோ மேல் என்றார். தியேட்டர் ஐஸ்பெட்டிக்குள் அடைத்த மாதிரி இருந்ததாம். படகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முதல் நாள் கேட்டபோது, ஊர்க்காரர் பேச்சு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. லீவு போட்டு, கால் வலிக்கக் கூட்டிக்கொண்டு சுற்றியது நான்தானே. மூன்றாம் நாள் அவர் நம் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கு என்றால் வீட்டைப் பற்றிய பேச்சுக்கு.

அன்று அம்மா சுரமை மீன் குழம்பு வைத்திருந்தாள். பெரியப்பா இரண்டாம் சோறு, மூன்றாம் சோறு வாங்கி, கடைசியில் சட்டியையே கேட்டு வாங்கி அதில் சோற்றைப் போட்டுப் புரட்டித் தின்றார். கை காய்வதற்குள் கீழே போனார். நானும் அம்மாவும் மேலே பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தோம்.

"வீடா? ஏணில ஏறணும். காலை நீட்டினா சுவத்துல முட்டுது. கொழம்பா? அதையேன் கேக்க. உன் தங்கச்சிக்குக் கை மாறிப்போச்சுளா. உப்பும் இல்ல, ஒறைப்பும் இல்ல."

அம்மா அப்படியே நின்றாள். எதிர்வீட்டு பீவியக்கா தன் ஜன்னலில் இருந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். மறுநாள் குழாயடியில் வைத்து அந்த அக்கா, உங்க அத்தானுக்குச் சொல்லி எங்க வீட்டுல ஒருநாள் சாப்பிட வைப்போமா என்று நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அதுதான் இன்னும் அவமானமாகிவிட்டது.

நீங்கள் அம்மாவின் கோபத்தைப் பார்த்திருக்கிறீர்கள். சத்தம் இருக்காது. அடுத்த வேளை சோறு போடும்போது தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய உப்பை வைத்தாள்.

"அத்தான், உப்பு தனியா வச்சிருக்கேன். வேணுங்கறதப் போட்டுக்கிடுங்க."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், குழம்பைப் பிசைந்து வாயில் வைத்தார். "எதுக்கும்மா? சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுசோறு கேட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். கேலி கூடப் புரியாத ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? என்னிடம்தான் சண்டை. உங்க சகலைக்கு ஊரைக் காட்டுதியளே, அவருக்கு நம்ம வாழ்க்கையே எளப்பமாத் தெரியுது, இன்னுமா கூட்டிக்கிட்டுச் சுத்துதிய என்று கேட்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மீதி நாளைக்கு எங்கும் போக வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆனால் கூப்பன் இருந்தது. கார்கானா சேட் எனக்கு ஒரு கூப்பன் கொடுத்திருந்தார். லோயர் பரேலில் பெரிய ஓட்டல் ஒன்றின் உச்சி மாடியில் குடும்பத்தோடு மதியச் சாப்பாடு. அந்த ஓட்டலுக்கு சேட் பரிசுப் பைகள் தைத்துக் கொடுத்திருந்தார், அதற்காக அவர்கள் தந்தது. ஞாயிற்றுக்கிழமையோடு அதற்குக் கெடு முடிகிறது. உங்களிடம் சொல்லியும் ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் சனிக்கிழமை எல்லோரும் போனோம்.

வேட்டியோடு விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்து என் பேன்ட்டை அவருக்குக் கொடுத்தேன். அவர் உயரத்துக்கு அது கணுக்காலுக்கு மேலே நின்றது. வாசலில் தலைப்பாகை கட்டியவர் சலாம் வைத்ததும், இவர் பதிலுக்குக் கும்பிட்டு, "சாப்ட்டாச்சா?" என்று தமிழில் விசாரித்தார். லிஃப்டில் பட்டன் அமுக்கியவரிடமும் அதே கேள்வி. தட்டு எடுத்துக் கொடுத்த பையனிடமும் அதே. எனக்கு உடம்பு கூசியது. அந்தப் பையன் மட்டும் என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே அவருக்குப் பின்னாலேயே வந்து, எது மீன், எது பன்னீர் என்று கைச்சாடையில் காட்டினான்.

அங்கே எல்லாமே நமக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. மீனில் எலுமிச்சை வாசம் தவிர ஒன்றும் இல்லை. பெரியப்பா ரசம் கேட்டார், இல்லை என்றார்கள். சோற்றை ஒரு கரண்டிக்கு மேல் வாங்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் பெரியப்பா வரிசையாக ஒவ்வொரு மூடியையும் திறந்து ஆவியை முகர்ந்து பார்த்துவிட்டு, தெரியாததைத்தான் எடுத்தார். கண்ணாடிச் சுவர் ஓரமாகப் போய்த் தட்டோடு நின்றார். கீழே ரயில்கள் புழு மாதிரி ஊர்ந்தன. தூரத்தில் கடல், தகரத்தை விரித்த மாதிரி கிடந்தது. நம் வீடு எங்கே என்று கேட்டார். வடக்கே நீலத் தார்ப்பாய்க் கூரைகள் தெரிந்த பக்கம் கையைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாக்லேட் ஊற்றாகக் கொட்டுகிற பாத்திரம் ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கார்த்திதான் அவரை அங்கே இழுத்துப்போனான். குச்சியில் பழத்தைக் குத்தி நீட்டத் தெரியாமல் கையையே நீட்டிவிட்டார். மீசையெல்லாம் சாக்லேட். அம்மாவாலும் அன்று கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. காகிதத் துண்டை எடுத்து அவர் தாடையைத் துடைத்துவிட்டுக்கொண்டே சிரித்துவிட்டாள். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

கிளம்பும்போது அவர் முன்னால் லிஃப்ட் பக்கம் போய்ப் போன் பேச ஆரம்பித்திருந்தார். அம்மா கை கழுவிவிட்டு வந்து அவருக்குப் பின்னால் நின்றாள்.

"எல்லாம் அரை வேக்காடு. பச்சை எலையத் திங்கச் சொல்லுதான். பசியோட எறங்குதேன்ளா. இதத்தான் உன் தங்கச்சி வீட்டுல பெருசா நெனச்சு வாழுதாவ, பாவம்."

அந்தப் பாவம் என்ற சொல்தான் அம்மாவைக் குத்திவிட்டது. திரும்பும்போது ரயிலில் அவள் பெண்கள் பெட்டியில் தனியாக ஏறிக்கொண்டாள்.

அடுத்த நாள் மதியம் பெரியம்மா அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் செதில். பிரியா, நீதான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாய். பெரியப்பா வாசல்படியில் உட்கார்ந்து கார்த்தியின் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நீ பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு இங்க வந்துரு" என்றார் பெரியம்மா. "மில்லுக்குப் பின்னால அறைய ஒழிச்சு வைக்கச் சொல்லிட்டேன். மாப்பிள்ளைக்கும் இங்கன ஒரு வேலை பாக்கலாம்."

என்னக்கா ஆச்சு என்று அம்மா பதறிக் கேட்டாள்.

"நாத்தத்துலயும் அடைசல்லயும் இத்தன வருசம் கெடந்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாட்டி? வாய்க்கு ருசியா ஒரு கொழம்பு வைக்கக்கூட மறந்துபோற அளவுக்கா உன் பொழப்பு போச்சு? அப்பா வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் உன்னப் பிடிச்சு அங்க தள்ளுனேன். விட்டத்தப் பாத்துக்கிட்டு அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். எனக்கு முதுகு ஒடிஞ்சதே அதுக்குத்தான்னு தோணுது."

அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. அம்மா, நான் அப்புறம் பேசுறேன்க்கா என்று சொல்ல, நீ போனை நிறுத்தினாய்.

பெரியப்பா கையில் ஊசி அப்படியே நின்றிருந்தது.

"கேட்டியளா அத்தான்?" என்றாள் அம்மா. "நான் இங்கன சீரழிஞ்சு கெடக்கேன்னு எங்கக்காட்ட யார் சொல்லச் சொன்னா? என் சட்டிய வழிச்சுத் தின்னுட்டு, உப்பில்லன்னு எதுக்குச் சொன்னிய?"

அவர் செருப்பை ஓரமாக வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நல்லாருக்குன்னு எப்படிம்மா சொல்லுவேன்? கடல் நல்லாருக்கு, கப்பல் நல்லாருக்கு, உன் தங்கச்சி கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னா, படுத்துக் கெடக்கவ என்ன செய்வா? ஏங்கிப் போவால்லா. எல்லாம் குப்பை, நீ வராததுல ஒரு நட்டமும் இல்லன்னு கேட்டா, கொஞ்சம் நிம்மதியாத் தூங்குவாளேன்னு பாத்தேன். அவ உன்ன நெனச்சுக் கேக்கான்னு எனக்குத் தட்டலையே."

அப்போதுதான் எனக்கு ஒரு கல்யாணம் ஞாபகம் வந்தது. அதற்குச் சில வருஷம் முன்னால் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாயசத்தை இலையில் வாங்கி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டார். மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவிடம், பாயசம் வெறும் தண்ணி, நீ வராததே நல்லது என்றார். பெரியம்மாவுக்கு அந்த வருஷம்தான் சர்க்கரை வந்து இனிப்பை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு இரண்டும் தெரியும். ஆனால் இரண்டையும் சேர்த்து யோசித்துப் பார்க்கவில்லை. பொய் சொல்லிப் பழகிய மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் பக்கத்தில் கொதி என்று ஒன்று சொல்வார்கள். நாம் தின்பதை ஆசையாகப் பார்த்துக்கொண்டு ஒருவர் திங்க முடியாமல் இருந்தால், தின்றவருக்கு வயிறு வலிக்கும் என்பார்கள். அதற்கு உப்பு ஓதிக் கொடுப்பவர்கள்கூட இருந்தார்கள். பெரியப்பா அதை வேறு மாதிரி பிடித்துவைத்திருந்தார். தனக்கு வயிறு வலிப்பது பற்றி அவருக்குக் கவலை இல்லை. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மனசு வலிக்கக் கூடாது. அதனால் தின்ற பண்டத்தையும், பார்த்த காட்சியையும் கெடுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்.

அம்மா கை கழுவாமலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உப்புக் கிண்ணம் அவளுக்கு நினைவு வந்திருக்கும். எனக்கு ஓட்டலில் உடம்பு கூசியது நினைவு வந்தது.

உண்மையைச் சொல்லிருங்க அண்ணாச்சி என்றேன். அவருக்கு அதுதான் பெரிய பாரமாக இருந்தது. மில்லில் மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவார். கட்டிலில் கிடக்கிற மனைவியிடம், நீ இல்லாமல் நான் இங்கே சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. ஆனால் சொல்லாவிட்டால் பெரியம்மா தங்கையை நினைத்து உருகியே போய்விடுவார். இரண்டில் ஒன்று நோகத்தான் செய்யும்.

போன் செய்தார். கீழே போகவில்லை, ஸ்பீக்கரில் போட்டு, நம் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சொன்னார். கடல் நன்றாக இருந்தது, குழம்பு நன்றாக இருந்தது, உன் தங்கை நன்றாக இருக்கிறாள், நான் முன்னால் சொன்னதெல்லாம் பொய் என்றார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குரல் தணிந்து வந்தது. அதுவே வினையாகிவிட்டது.

"பக்கத்துல இருந்து அவ சொல்லச் சொல்லுதாளாக்கும்" என்றார் பெரியம்மா. "முன்னால சொன்னதுதான் நெசம். நெசத்தச் சொல்லும்போது இப்படியா முனங்குவிய?"

அவர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நம்பவில்லை. அம்மா வாங்கிப் பேசினாள், அதையும் நம்பவில்லை. எனக்குத் தெரியாதா, நீ சின்னதுலயும் கால் புண்ணை மறைச்ச பிள்ளைதானே என்றார்.

அப்போது நீ பேசினாய், பிரியா. "பெரியப்பா, சாக்லேட் வீடியோ இருக்கு. நான் எடுத்தேன்."

அம்மாவின் போனில் அதைப் போட்டுக் காட்டினாய். குட்டைப் பேன்ட்டோடு அவர் நிற்கிறார். மீசையில் சாக்லேட். தோள் குலுங்குகிறது. அம்மா அவர் தாடையைத் துடைத்துவிட்டுச் சிரிக்கிறாள். கார்த்தி கிண்ணத்தோடு குதிக்கிறான். அவர் அதை முழுக்கப் பார்த்தார்.

"இவ்வளவுமா சிரிச்சேன்?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

அனுப்பவா பெரியப்பா என்று நீ கேட்டாய். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அனுப்பும்மா" என்றார்.

வாட்ஸப்பில் பார்த்ததற்கான நீலக்கோடு வந்த பிறகும் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பிறகு போன் அடித்தது. பெரியம்மா முதலில் அம்மாவிடம்தான் பேசினார்.

"ஏட்டி, சதை போட்டிருக்கியே. அந்த மஞ்சச் சேலை உனக்கு எடுப்பா இருக்கு. பிள்ளைகளும் வளந்துட்டுதுவ." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "போதும்ட்டி, எனக்கு இது போதும். அறைய ஒழிக்க வேண்டாம்னு சொல்லிருதேன்." கொஞ்சம் பொறுத்து, "உங்கத்தான் இப்படிச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு. அவியட்ட குடு" என்றார்.

அவர் போனை வாங்கிக்கொண்டு ஏணியில் இறங்கினார். குழாய்ப் பக்கம்தான் நின்றார். அன்று பீவியக்கா வீட்டுக்கும் கேட்கவில்லை, நமக்கும் கேட்கவில்லை. மேலே வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

மறுநாள் அவருக்கு ரயில். நீங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். அம்மா வறுத்த மீனும் சப்பாத்தியும் கட்டிக்கொடுத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்து, "கொழம்பு நல்லாருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னார். திலக் நகர் வழியாக ஆட்டோவில் டெர்மினஸ் போனோம். வழியெல்லாம் அவர் எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. ஜன்னலோர சீட்டில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்த பிறகு நானே கேட்டேன், நேற்று அக்கா என்ன சொன்னாங்க என்று.

"கோவப்படல, சகலை. சந்தோசம்தான்னு சொன்னா. அந்த ஓட்டல்ல என்னென்ன இருந்துச்சு, முதல்லருந்து சொல்லுங்கன்னு கேட்டா. சொன்னேன். வாசல்ல தலப்பா கட்டினவன், லிஃப்டு, மூடி போட்ட சட்டிக, எல்லாம் சொன்னேன். கண்ணாடிச் சுவர்கிட்ட வந்தப்ப, போதும்ங்கன்னுட்டா." வேட்டி நுனியால் கம்பியைத் துடைத்தார். "அப்ப நான் முன்னால செஞ்சது சரியா, தப்பா?"

தங்கைக்காக உண்மை வேண்டும் என்று கேட்டவர்தான் பெரியம்மா. தனக்கென்று கேட்கும்போது பாதிதான் அவரால் தாங்க முடிந்தது.

"பாதி சொல்லிட்டேன்" என்றார் அவர். "மீதிய என்ன செய்யன்னுதான் தெரியல. ஊருக்குப் போய்க் கேட்டாலும் சொல்ல மாட்டேன். உள்ளயே கெடக்கு."

வண்டி கிளம்பக் கொஞ்சம் நேரம் இருந்தது. எங்கிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழைய குரலில், பிளாட்பாரமே கேட்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தது, கடல் எப்படிக் கிடந்தது, பெயர் தெரியாத அந்த வெள்ளைக் குழம்பு எப்படி நாக்கில் கரைந்தது, பின்னாலேயே வந்த பையனுக்கு ஒரு பல் தெத்துப்பல், அவன் யார் வீட்டுப் பிள்ளையோ. எதிர் சீட்டில் இருந்த குடும்பமும் கேட்டது. நான் அவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன்தான். ஆனாலும் ஜன்னலுக்குக் கீழே நின்று, அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்தபோது அவர் ஐஸ்கிரீமுக்கு வந்திருந்தார்.